இரண்டு புள்ளிக்கு ஒரு வீரம்மா

எங்கள் ஹோட்டல் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. அதை வாசிக்க யாராவது எழுந்து போனால் நான் உடனே கல்லாவிலிருந்து சாப்பாட்டுப் பட்டியலைச் சொல்லத் தொடங்கிவிடுவேன். ரொட்டி, முட்டை ரொட்டி, கொத்து, சோறு, மீன் கறி, பருப்பு, பிளேன் டீ என்று நான் முடிப்பதற்குள் மனிதர் வந்து உட்கார்ந்துவிடுவார். அதற்காகவே பட்டியலை இந்த வருடம் கொஞ்சம் நீட்டியிருக்கிறேன். சொல்பவற்றில் பாதி கடையில் கிடையாது.

ஹோட்டல் என்றதும் கட்டில் மெத்தை என்று நினைக்க வேண்டாம். கொட்டகலை கடைத்தெருவில் ஆறு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. என் பெயர் நஸார். வாப்பா ஹட்டனில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே நான் பேரம் பேசக் கற்றுக்கொண்டேன்.

வாப்பாவின் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. விலை படிந்து, கருவாட்டை நிறுத்துக் கட்டிய பிறகும், தோட்டத்திலிருந்து வந்த பெண்கள் பொட்டலத்தைக் கையில் எடுக்காமல் நிற்பார்கள். "மேல ஒரு கை போடுங்க மொதலாளி" என்பார்கள். குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிட்டதைப் போல வாப்பா முகத்தை வைத்துக்கொண்டு, தராசுக்குப் பக்கத்திலிருந்த தகர டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் போடுவார். அந்த டின்னில் இருந்தது தலை உடைந்த நெத்தலி. யாருக்கும் விற்க முடியாத சரக்கு. வாப்பா எனக்கு இதை விளக்கிச் சொன்னதில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்: மேலே போடுவது எப்போதும் நமக்கு வலிக்காத சாமானாக இருக்க வேண்டும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும். தெரியாமல் போனால் எனக்கு நல்லது.

பக்கத்துத் தோட்டத்தில் பழைய துரை பங்களா ஒன்றை உல்லாசப் பயணிகள் விடுதியாக்கியிருந்தார்கள். அங்கே போகும் வேன்கள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். தாண்டித்தான் போகும், நிற்காது. ஒருநாள் ஒரு சாரதி டயர் பார்க்க இறங்கியபோது பிடித்துக் கேட்டேன். "சுற்றாடல் சான்றிதழ் உள்ள கடையிலதான் நிப்பாட்டணும்னு உத்தரவு, மொதலாளி" என்றார். "இந்த ரோட்டுல எந்தக் கடையில அது இருக்கு?" என்று கேட்டேன். "ஒரு கடையிலயும் இல்ல. அதனாலதான் நாங்க நிப்பாட்டுறதே இல்ல" என்றார்.

பேரக்காரனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு கடையிலும் இல்லாத சரக்கு. முதலில் வாங்குபவன் நானாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயம் எங்கள் கடையின் சுற்றாடல் நிலைமை என்னவென்றால், கடையின் பின்வாசலுக்குத் தினமும் காலை பத்து மணிக்கு வீரம்மா இரண்டு வாளியுடன் வருவார். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர்; கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒரு வாளியில் அரிசி கழுவிய தண்ணீர். மற்றதில் மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேங்காய்ச் சக்கை. இரண்டும் அவருடைய பசுவுக்கு. பசுவின் பெயர் தொரசாணி. லயத்துக்கு வந்த முதல் நாளே யாருக்கும் வழிவிடாமல் தலையைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் நடந்ததால் வந்த பெயர். தொரசாணியின் பால் மறுநாள் காலை எங்கள் கடைக்கு வரும். எங்கள் பால் தேத்தண்ணிக்காக பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. பசு சினையாகிப் பால் வற்றும் மாதங்களிலும் வாளி போகும். அது எங்களுக்குள் ஏற்பாடு. பதினொரு வருடமாக எங்கள் கடையில் எறிவதற்கென்று ஒன்றும் மிஞ்சியதில்லை. அதை ஒரு சாதனையாக நாங்கள் நினைத்ததுமில்லை. வாளி வரும், வாளி போகும்.

முன்பெல்லாம் வீரம்மா ஓடைப் பள்ளத்தில் புல்லும் அறுப்பார். தோட்டம் தன்னுடைய சான்றிதழை வாங்கியபோது அந்தப் பள்ளத்தில் மூன்று மொழியில் ஒரு பலகை நட்டார்கள்: உயிர்ப் பல்வகைமைப் பாதுகாப்பு வலயம், புல் வெட்டத் தடை.

"புல்லுக்கு போர்டு போட்டுட்டாங்க மொதலாளி," என்று அன்றைக்கு வாளியை வைத்துவிட்டு வீரம்மா சொன்னார். "தொரசாணி வேற வயித்துல புள்ளயோட நிக்கிறா. இனி அவளுக்கு ஒங்க கடைதான்."

"பயப்படாதீங்க வீரம்மா. சோறு ஆக்குற வரைக்கும் கழனித்தண்ணி இருக்கும்," என்றேன். நல்ல வாக்கியம். நான் சொன்னவற்றில் ஆகச் சிறந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

மலைச்சாரல் பசுமை வணிகத் தர மன்றத்தின் விழிப்புணர்வுக் கருத்தரங்கு ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் பிளாஸ்டிக் பதாகை. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீரும், நாற்பத்தெட்டுப் பக்க வழிகாட்டியும். வழிகாட்டி மூன்று மொழியிலும் தனித்தனியாக இருந்தது. யாருக்கு எந்த மொழி என்று கேட்பது பாகுபாடாகிவிடும் என்பதால் எல்லோருக்கும் மூன்றையும் கொடுத்தார்கள். காகிதத்தை வீணாக்காதிருப்பது எப்படி என்பது பதினேழாம் பக்கத்தில் இருந்தது.

மன்றத்தின் தலைமை மதிப்பீட்டாளர் திரு. கஜேந்திரன் பேசினார். கொழும்பிலிருந்து வந்தவர். பார்க்க நல்ல மனிதர். கடைசிவரை நல்ல மனிதராகவே இருந்தார், அதுதான் கஷ்டம்.

"அன்பர்களே! இயற்கையைப் பாதுகாப்பது எவருக்கும் கடினமல்ல. பாதுகாத்ததை நிரூபிப்பதுதான் கடினம். அந்தக் கடினத்தை உங்கள் வாசலுக்கே கொண்டுவந்து தருவதற்காகத்தான் எமது மன்றம் உருவாக்கப்பட்டது."

எல்லோரும் கைதட்டினோம். பிறகு திரையில் ஒரு படம் காட்டினார். வெளிநாட்டுப் புல்வெளியில் ஒரு பசு. அதைச் சுற்றி அம்புக்குறிகள்: உணவகத்திலிருந்து மிச்சம், மிச்சத்திலிருந்து பசு, பசுவிலிருந்து பால், பாலிலிருந்து மறுபடி உணவகம்.

"இதுதான் சுற்றுப் பொருளாதாரம். இந்த நிலையை எமது மலைநாடு அடைய இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆகும் என்று நிபுணர்கள் கணித்திருக்கிறார்கள்."

நான் கையைத் தூக்கினேன். "சேர், இது எங்கட கடையில பதினொரு வருஷமா நடக்குது."

கஜேந்திரன் ஆர்வமாகக் குனிந்தார். "அப்படியா! ஆவணம் இருக்கிறதா?"

"வாளி இருக்கு, சேர்."

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "மிஸ்டர் நஸார், ஆவணம் இல்லாத சூழல் நிலைபேறு என்பது வெறும் தற்செயல். தற்செயலுக்கு நாங்கள் புள்ளி கொடுப்பதில்லை."

மதியச் சாப்பாடு கொழும்பிலிருந்து வேனில் வந்தது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டி; உள்ளே ஆறிப்போன சோறு. இந்தப் பகுதியில் சான்றிதழ் பெற்ற கடை எதுவும் இல்லாததால் இங்கே வாங்க முடியவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். நான் பெட்டியை மூடி, மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை சாப்பாடு இனி என் கடையில் வாங்கப்படும் என்று கணக்குப் போட்டேன். அந்த நிமிடத்தில்தான் விழுந்தேன்.

சான்றிதழில் மூன்று தரம். ஓர் இலை, ஈரிலை, ஈரிலையும் மொட்டும். கொழுந்து பறிப்பவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டப் பயன்பட்ட அதே அளவுகோல் இப்போது முதலாளிமாருக்கும் வந்துவிட்டது. வேன் நிற்க வேண்டுமானால் ஈரிலையும் மொட்டும் வேண்டும். அதற்கு நூற்றுக்கு எண்பது புள்ளி.

முதற்கட்டப் பரிசோதனைக்கு கஜேந்திரனும் அவருடைய உதவியாளர் பிரேமினியும் வந்தார்கள். பிரேமினி ஒரு கணினிப் பலகையில் தட்டிக்கொண்டே வந்தார்.

"மின்விளக்குகளைக் காட்டுங்கள்," என்றார் கஜேந்திரன்.

"பகல்ல லைட் போடுறதில்ல சேர். அந்த ரெண்டு ஜன்னலே போதும்."

"மின்சிக்கன விளக்குக்கு ஐந்து புள்ளி இருக்கிறது. எரியாத விளக்கு சிக்கனமானதா இல்லையா என்று நாங்கள் எப்படி அளப்பது?"

"ஜன்னலுக்குப் புள்ளி இல்லையா?"

கஜேந்திரன் பிரேமினியைப் பார்த்தார். பிரேமினி பலகையில் தேடிப் பார்த்தார். "ஜன்னல் என்று ஒரு தலைப்பு இல்லை, சேர்."

ஆறு சிக்கன விளக்குகள் வாங்கி நாள் முழுக்க எரியவிட்டேன். ஐந்து புள்ளி கிடைத்தது. விளக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு ஜன்னலுக்குத் திரை போட்டேன். அதற்குப் புள்ளி இல்லை. என் சொந்த விருப்பம்.

வாழை இலைக்கு அதன் பிறப்பிடச் சான்று இல்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை விறகாக எரிப்பது எந்தத் தலைப்பிலும் வரவில்லை. கடைசியாகக் குப்பைக்கு வந்தார்கள்.

"கழிவுத் தொட்டிகள் எங்கே?"

"குப்பை இல்ல சேர்."

பிரேமினி தட்டுவதை நிறுத்தினார். கஜேந்திரன் என் தோளில் கை வைத்தார். நோயாளியிடம் வைப்பது போல.

"மிஸ்டர் நஸார், கழிவு முகாமைத்துவத்துக்கு, அதாவது கழிவைக் கையாளும் முறைக்கு, இருபது புள்ளி. கழிவே இல்லாத இடத்தில் நாங்கள் எந்த முகாமைத்துவத்தை மதிப்பிடுவது? நாலு நிறத் தொட்டி வையுங்கள். முதல் மாதக் கழிவை நிறுத்துப் பதியுங்கள். இரண்டாம் மாதம் முப்பது வீதம் குறைத்துக் காட்டுங்கள். குறைப்புத்தான் எங்களுக்கு முக்கியம். பூச்சியத்திலிருந்து எதையும் குறைக்க முடியாது, இல்லையா?"

கணிதத்தில் அவர் சொன்னது சரி.

அன்று மாலை றம்ஸியாவிடம் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைவதை நிறுத்தாமல் கேட்டார்: "நான் வெளங்கினது சரியா என்டு பாருங்க. நம்மகிட்ட குப்ப இல்ல. அதனால வெளிய போய்க் குப்ப வாங்கப் போறீங்க. வாங்கின குப்பய அடுத்த மாசம் கொறச்சு வாங்கப் போறீங்க. கொறச்சதுக்கு அவங்க சர்ட்டிபிகேட் தரப் போறாங்க."

"ஓம்."

"இத நான் உம்மாவுக்கு போன்ல எப்படி செல்ற?"

பக்கத்தில் நிப்ராஸின் போன் கடை. உறை, அட்டை, பிளாஸ்டிக் பெட்டி என்று அவனிடம் குப்பைக்குப் பஞ்சமில்லை. சாதாரணமாகப் போய், வானிலை பற்றிப் பேசி, கிளம்பும்போது கேட்பது போலக் கேட்டேன்.

"நிப்ராஸ், அந்த மூலையில கெடக்கிற சாக்க எடுத்துக்கட்டா? சும்மாதானே கெடக்கு."

நிப்ராஸ் என்னைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அவனும் கடைத்தெருவில் வளர்ந்தவன். "எதுக்கு நானா?" அண்ணனுக்கு எங்களில் நானா என்றுதான் சொல்வது.

"சும்மாதான்."

"நஸார் நானா சும்மா ஒண்டயும் கேக்க மாட்டீங்களே. இதுல ஏதோ ஈக்கி." சாக்கைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இது நல்ல குப்ப நானா. ஒரிஜினல் பெட்டி. சில பேர் கேட்டுக்கிட்டு ஈக்கிறாங்க."

அரைமணி நேரம் பேரம் நடந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக வாங்குபவனாக நான் தோற்றேன். நாலு சாக்குக்கு மாதம் முழுக்கக் காலையில் ஒரு முட்டை ரொட்டி. எழுந்தபோது பழக்கதோஷத்தில் "மேல ஏதாவது போடு" என்றேன். ஒரு கை நிறைய உடைந்த சார்ஜர் வயர் போட்டான்.

முதல் மாதம் தொட்டிகள் நிறைந்து வழிந்தன. அருமையான புகைப்படங்கள். இரண்டாம் மாதம் இரண்டு சாக்குத்தான் எடுப்பேன் என்றதும் நிப்ராஸ் சண்டைக்கு வந்தான். "நானா, ஒங்கள நம்பித்தானே நான் சரக்கு சேத்து வெச்சன். பெட்டியெல்லாம் முன்கூட்டியே பிரிச்சு வெச்சிட்டன். மிச்சத்த நான் எங்க கொண்டு போய் விக்கிற?" நான் குப்பை வாங்கிய கதை இதற்குள் கடைத்தெரு முழுக்கப் பரவி, சந்தைக் கூடையோடு லயங்களுக்கும் ஏறிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக "மொதலாளி, எங்க வீட்டுலயும் இருக்கு, வேணுமா?" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

இதற்கெல்லாம் நான் வெட்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். வியாபாரத்தில் கேலி என்பது ஒரு செலவு. வெட்கத்தை நான் பிறகு வேறொன்றுக்காக வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் இடையில் வீரம்மா தினமும் வந்துகொண்டுதான் இருந்தார். நாலு நிறத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வருவார், வாளியை நிரப்பிக்கொண்டு போவார். தொரசாணிக்கு நாள் நெருங்கிவிட்டதாகச் சொன்னார். பால் இல்லாத அந்த மாதங்களில் நாங்கள் பால்மா பக்கட்டில் தேத்தண்ணி போட்டோம். காலிப் பக்கட்டுகள் நீலத் தொட்டிக்குப் போயின. மீள்சுழற்சிப் பொருள் என்று அதற்கு மூன்று புள்ளி கிடைத்தது. தொரசாணியின் பாலுக்குப் பக்கட் இல்லாததால் அதற்கு எப்போதும் புள்ளி கிடைத்ததில்லை.

இறுதி மதிப்பீட்டு நாள். ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். விளக்கு எரிந்தது. தொட்டிகள் வரிசையில் நின்றன. பிரேமினி கூட்டினார். எழுபத்தெட்டு.

"ஈரிலை," என்றார் கஜேந்திரன். "பாராட்டுகள். மொட்டுக்கு இரண்டு புள்ளி குறைகிறது."

இரண்டு புள்ளி! கருவாட்டுக்காரன் மகனிடம் வந்து இரண்டு குறைகிறது என்கிறார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சேர், எழுபத்தெட்டு ஒரு வெலயா? விக்கிற நீங்களும் எறங்கணும், வாங்குற நானும் ஏறணும். இன்னும் ரெண்டு லைட் போடுறன். ஒரு பாய்ண்ட் தாங்க."

"மிஸ்டர் நஸார், இது விஞ்ஞானபூர்வமான மதிப்பீடு."

"அப்ப மத்த ஜன்னலயும் மூடுறன்."

கஜேந்திரன் கொஞ்சம் யோசித்தார். விஞ்ஞானம் அசையத் தொடங்கியதை நான் பார்த்தேன். பிரேமினியின் காதில் ஏதோ சொன்னார். பிரேமினி பலகையில் பக்கம் பக்கமாகத் தேடி, "ஒன்று இருக்கிறது சேர். இருபத்தாறு ஆ. முறைசாராக் கழிவு வெளியேற்றம் இல்லாதிருத்தல். இரண்டு புள்ளி. இதை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை," என்றார்.

"அது என்ன சேர்?"

"உங்கள் கழிவு பதிவு செய்யப்பட்ட வழியில் மட்டும்தான் வெளியே போக வேண்டும். யாராவது தனிநபர் வந்து எடுத்துப் போனால் அது கசிவு. எங்கே போனது, என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது."

மணி பத்து.

பின்வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. வழக்கமாக வீரம்மா உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. அன்று பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "மொதலாளி, நேத்து சாயந்தரம் தொரசாணி…" என்று ஆரம்பித்தவர், அதிகாரிகளின் கால்களில் பளபளத்த சப்பாத்துகளைக் கண்டு நின்றுவிட்டார்.

கஜேந்திரன் வீரம்மாவைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. கேள்வி மட்டும்தான்.

"இந்த அம்மாவுக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா? இருந்தால் நான்கு புள்ளி கழிக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு சேர்க்கலாம். நீங்கள் சொல்வதைத்தான் நாங்கள் பதிவோம். உங்கள் வாக்குமூலத்தை மன்றம் முழுமையாக நம்புகிறது."

பிரேமினியின் விரல் பலகைக்கு மேலே நின்றது.

பேரத்தில் ஒரு நிமிடம் உண்டு. விலை படிந்துவிட்டது, பொட்டலம் கட்டியாகிவிட்டது, எதிரில் இருப்பவர் இன்னும் கையில் எடுக்காமல் நிற்கிறார். மேலே ஒரு கை போட்டால் முடிந்துவிடும். அந்த நிமிடத்தில் கை தானாகவே டின்னுக்குள் போகும். யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"தெரியாது சேர்," என்றேன். "யாரோ."

வீரம்மா என்னைப் பார்த்தார். அதிக நேரமில்லை, தராசு முள் ஆடி நிற்கும் அளவுக்கு. பிறகு கஜேந்திரனின் பக்கம் திரும்பி, கும்பிட்டார்.

"வழி தவறிட்டேங்க ஐயா. டேசனுக்குப் போற பாதைன்னு நெனச்சு உள்ள வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

எனக்காகச் சொன்ன பொய். நான் கேட்கவில்லை. நான் கேட்டிருந்தால்கூட அவ்வளவு சரியாகச் சொல்லித் தந்திருக்க மாட்டேன்.

"ஸ்டேஷனுக்கு வாளியோடவா?" என்றார் பிரேமினி மெதுவாக.

"பிரேமினி, உள்ளூர் மக்களின் பழக்கவழக்கங்களை நாம் மதிக்க வேண்டும்," என்றார் கஜேந்திரன். எழுந்து பின்வாசல் வரை போனார். கையை நீட்டி, மிகுந்த பொறுமையுடன், கொட்டகலையில் பிறந்து ஐம்பத்தெட்டு வருடம் கொட்டகலையில் வாழ்ந்த பெண்ணுக்கு கொட்டகலை ஸ்டேஷனுக்கு வழி சொன்னார். "நேராகப் போய் இடப்பக்கம் திரும்புங்கள் அம்மா. கவனமாகப் போங்கள்."

"சரிங்க ஐயா."

வீரம்மாவின் லயம் வலப்பக்கம். அவர் காலி வாளிகளோடு நேராகப் போய் இடப்பக்கம் திரும்பினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்படிப் போனார் என்று நினைக்கிறேன்.

"எண்பது!" என்றார் பிரேமினி.

சான்றிதழ் வழங்கும் விழாவில் கஜேந்திரன் என்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். "தற்செயலிலிருந்து ஆவணத்துக்கு உயர்ந்தவர் மிஸ்டர் நஸார்" என்றார். வேன்கள் நிற்கத் தொடங்கின. வெள்ளைக்காரர்கள் தொட்டிகளைப் படம் எடுத்தார்கள். கழனித்தண்ணி தெருச் சாக்கடைக் கானுக்குப் போனது. சோறும் தோலும் பச்சைத் தொட்டிக்குப் போயின. வாரம் ஒருமுறை குப்பை டிராக்டரில் அழகன் வந்து நாலு தொட்டியையும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போவான்.

"என்ன அழகன், எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்குற?"

"கலரு தொட்டிக்குத்தாங்க மொதலாளி. வண்டிக்கு இல்ல."

"எங்க கொண்டு போய்க் கொட்டுற?"

"ஓடைப் பள்ளத்துலதான். பெரிய போர்டு ஒண்ணு நிக்குதில்ல, அதுக்குப் பின்னால கொட்டினா ரோட்டுக்குத் தெரியாது."

வீரம்மா பின்வாசலுக்கு வரவில்லை. முதல் வாரம், அதிகாரிகள் திரும்பி வரலாம் என்று அவர் யோசிப்பதாக நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம், நான் போய்க் கூப்பிட்டால் யாராவது பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டு, சாப்பாட்டுப் பட்டியலை நீட்டினேன். பத்து மணிக்கு மட்டும் காது பின்வாசலுக்குப் போகும். றம்ஸியா என்னோடு அதிகம் பேசவில்லை. பேசியபோதும் "உப்பு முடிஞ்சு" என்ற அளவில்தான்.

நாலு மாதம் கழித்து கஜேந்திரனிடமிருந்து போன் வந்தது.

"மிஸ்டர் நஸார், மகிழ்ச்சியான செய்தி! சுற்றுப் பொருளாதார முன்னோடித் திட்டத்துக்கு உங்கள் கடையைத் தெரிவு செய்திருக்கிறோம். உணவக மிச்சம், பசு, பால், மறுபடி உணவகம். ஆவணங்கள் எல்லாம் தயார். ஒரு படம் மட்டும் வேண்டும். ஒரு பசு, ஒரு சமூகப் பிரதிநிதி. அன்றைக்கு உங்கள் கடைக்கு வழி தவறி வந்தாரே ஓர் அம்மா, அவரைப் போல ஒரு முகம். அப்படி யாரையாவது தெரியுமா?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வாளியும் இருந்தால் நல்லது," என்றார்.

அன்று மாலை மேல் டிவிஷனுக்கு ஏறினேன். பதினொரு வருடத்தில் முதல் தடவை. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை சுத்தமாகக் கூட்டிக் கிடந்தது. இரண்டு வாளிகளும் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"வாங்க மொதலாளி," என்றார் வீரம்மா. ஆச்சரியப்பட்டது போலத் தெரியவில்லை. பலகையைத் துடைத்துப் போட்டார். "ஒக்காருங்க."

"தொரசாணி எங்க?"

"நோட்டன் பிரிட்ஜ் ஊருலேருந்து ஒருத்தரு வந்து கேட்டாரு. அங்கன புல்லு இருக்குன்னாரு. கன்னுக்குட்டியோட அனுப்பி வெச்சிட்டேன். கன்னு குடிக்கிற அளவுக்குக்கூட பால் ஊறலைங்க. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"கன்றுக்குட்டி…"

"கிடாரிதாங்க. நெத்தியில வெள்ள. அன்னைக்கு அதச் சொல்லத்தான் வந்தேன்."

அதற்குமேல் அந்த நாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் வைத்தார். நான் வந்த விஷயத்தை எப்படியோ சொல்லி முடித்தேன். படம், திட்டம், வாடகைக்கு ஒரு பசு, அவருக்கு ஏதாவது கொடுக்கலாம், என்ன வேண்டுமென்றாலும் கேட்கலாம். என் வாழ்நாளில் எதிராளியிடம் விலையைக் கேட்கச் சொல்லி நான் கெஞ்சியது அன்றுதான்.

"காசெல்லாம் எதுக்குங்க," என்றார் உள்ளிருந்து. "எப்ப வரணும்னு சொல்லுங்க, வந்து நிக்கிறேன். பின்வாசல்லயா, முன்வாசல்லயா?"

"முன்வாசல்ல," என்றேன்.

"சரிங்க."

பேரமே பேசவில்லை. பேரம் பேசாத ஆளோடு என்ன செய்வது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். "பால் இல்லைங்க. மாவுதான்," என்றார். ஒரு மடக்கில் குடித்து எழுந்தேன். வாசலைத் தாண்டும்போது பின்னால் கூப்பிட்டார்.

"மொதலாளி, இருங்க."

கையில் அந்தப் பால்மா பக்கட் இருந்தது. எனக்குத் தேத்தண்ணி போட்டதில் தீர்ந்துபோனது. அதைக் கழுவி, நீரை உதறி, சேலைத் தலைப்பில் துடைத்து, நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"ஒங்களுக்குக் குப்ப வேணும்னு எல்லாரும் சொன்னாங்க. எங்ககிட்ட இவ்வளவுதாங்க இருக்கு."

கேலியாக இருக்குமோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற முகம்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு, பாதை பிரியும் இடம் வரை வந்து, வலப்பக்கம் திரும்ப வேண்டிய நான் இடப்பக்கம் திரும்பி நெடுந்தூரம் நடந்துவிட்டேன்.